இறங்கத் தெரிந்தவர் ஏறட்டும்

எங்கள் மல்லசமுத்திரத்தில் பருத்தி ஏலம் நடக்கிற நாளில் யாராவது வேகமாகப் படியேறி வந்தால், மூட்டை என்ன விலைக்குப் போயிற்று என்று சொல்லத்தான் வருவார்கள். போன வாரம் எதிர் வீட்டு அம்மாள் வந்தபோதும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அவர் பின்னாலேயே, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவருடைய மகளும் வந்தாள். சரி, இது பருத்தி விவகாரம் இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

"ஏனுங்க அக்கா, இவளுக்கு நீங்களே புத்தி சொல்லுங்க. கல்யாணமாகி ஆறு மாசம் முடியலை. புருசனும் பொண்டாட்டியுமா இமயமலைக்கு ஜீப்பை ஓட்டிக்கிட்டுப் போறாங்களாம். கூட எட்டு வண்டியாம். ரோடே இல்லாத மலையாம். காசி, பத்ரின்னாலும் சாமி கும்பிடப் போனாங்கன்னு நாலு பேர்கிட்டச் சொல்லலாம். இது எதுக்குங்க அக்கா?" என்று ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தார்.

பெண் நிமிர்ந்து பார்த்தாள். "பெரியம்மா, நீங்க போயிட்டு வந்தவங்க. வேண்டாமுன்னு நீங்க சொன்னா நான் போகலீங்க" என்றாள்.

என்னைச் சங்கடத்தில் மாட்டி விட்டாள். நான் போய் வந்தது உண்மைதான். ஆனால் நானும் என் வீட்டுக்காரரும் பாதி மலையில் திரும்பி வந்தவர்கள். தெருவில் எல்லோருக்கும் அது தெரியும். தேர் பாதி வீதியில் நின்றுபோன கதை மாதிரி, இன்னமும் கல்யாண வீடுகளில் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அந்தக் கதையை முழுவதும் நான் யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்கு அந்தத் தாய்க்கும் மகளுக்கும் சொன்னேன். நேயர்களுக்கும் இப்போது சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கத்து ஆண்களுக்கு வண்டி என்றால் பைத்தியம். திருச்செங்கோட்டைச் சுற்றி எந்த ஊரில் கல்லை விட்டெறிந்தாலும் அது ஒரு ரிக் வண்டியின் மேலோ, லாரியின் மேலோதான் விழும். ஆழ்துளைக் கிணறு தோண்ட இங்கிருந்து கிளம்பும் வண்டிகள் ராஜஸ்தான் வரை போகும், ஒரிஸ்ஸா வரை போகும். என் வீட்டுக்காரரும் முப்பது வருஷம் அந்தத் தொழிலில் இருந்தவர். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவேன் என்பார். "கண்ணைத் திறந்துகிட்டே ஓட்டுங்க" என்பேன் நான்.

இந்தப் பிரயாணத்துக்குப் பெயர் கொடுத்திருந்தவன் எங்கள் மகன். சேலம், ஈரோடு, நாமக்கல் பக்கத்து இளைஞர்கள் சேர்ந்து ஏழு வண்டிகளில் ஹிமாசலப் பிரதேசத்தில் இருக்கும் ஸ்பிதி பள்ளத்தாக்குக்குப் போவதாக ஏற்பாடு. 2022 செப்டம்பர் மாதம். கடைசி நேரத்தில் பெங்களூர்க் கம்பெனியில் அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. "ஜீப் சும்மா நிற்குது. நானும் உங்கம்மாளும் போறோம்" என்று இவர் கிளம்பிவிட்டார். அப்போது அவருக்கு அறுபத்துமூன்று வயது. ரத்த அழுத்தமோ சர்க்கரையோ இல்லை. தினமும் நாலு மைல் நடப்பவர். அதனால் எனக்கும் பயம் தோன்றவில்லை.

புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பு, கோஷ்டி முழுவதும் கொல்லிமலையில் ஒரு நாள் ஒத்திகை பார்த்தது. அங்கேதான் கோஷ்டியாக வண்டி ஓட்டுவதற்கென்று ஒரு தர்மம் இருக்கிறது என்று நான் தெரிந்துகொண்டேன். முன்னால் ஒரு வண்டி வழிகாட்டும். கடைசி வண்டிக்கு வால் வண்டி என்று பெயர். எல்லோரையும் விட நிதானமானவர் கையில்தான் அதைக் கொடுப்பார்கள். நடுவில் போகிறவர் தம் முன்னால் போகிற வண்டியைத் துரத்தக்கூடாது. கண்ணாடியில் தம் பின்னால் வருகிற வண்டியைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். பின்வண்டி கண்ணுக்குத் தெரியவில்லையானால் நிற்க வேண்டும். அவர் நின்றால் அவருக்கு முன்னால் போகிறவரும் நிற்பார். இப்படியே ஏழு வண்டியும் நின்றுவிடும். ஆக, எவ்வளவு வேகம் போவது என்று தீர்மானிப்பது முதல் வண்டி அல்ல. எந்த வண்டி மெதுவாக வருகிறதோ அதுதான்.

எங்கள் கோஷ்டியில் வால் வண்டியை ஓட்டியது ஈரோட்டைச் சேர்ந்த ஓர் இளம் பெண். கல்லூரியில் வேலை பார்ப்பவள். பக்கத்து ஸீட்டில் அவள் தம்பி. "பொம்பளைப் புள்ளைக்குப் போய் வால் வண்டியைக் கொடுத்திருக்காங்களே" என்று இவர் என் காதில் முணுமுணுத்தார். கொல்லிமலையிலிருந்து இறங்கும்போது அவளை ஒரு கண்ணால் கவனித்துக்கொண்டே வந்தார். அடிவாரம் வந்ததும், "பரவாயில்லை. எந்தக் கியரிலே ஏறினாளோ, அதே கியரிலே இறங்கறா. பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வரலை" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய சர்ட்டிபிகேட்.

மலைச்சாலை ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். இறக்கத்தில் பிரேக்கையே நம்பி மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறிக் கடைசியில் பிடிக்காமல் போய்விடும். இன்ஜினே வண்டியைப் பிடித்து இழுக்கும்படி சின்னக் கியரில் இறங்க வேண்டும். ஏறுவதற்கு வேண்டியது பலம்; இறங்குவதற்கு வேண்டியது புத்தி.

ஸ்பிதிக்குப் போக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று சிம்லா வழி. சிம்லா சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. அடுத்த நாள் ராத்திரி தங்கல் கல்பாவில் என்றால் அது 9,700 அடி. பிறகு 12,000 அடி உயரத்தில் ஏரிக்கரையில் இருக்கும் நாக்கோ. அப்புறம் கொஞ்சம் இறங்கி, 996-ஆம் ஆண்டில் மண் சுவர் வைத்துக் கட்டிய பௌத்த மடம் இருக்கிற தாபோ. அதற்குப் பிறகே காஸா. கடைசியில் சுமார் 15,000 அடி உயரமுள்ள குன்சம் கணவாயைத் தாண்டி மணாலிப் பக்கம் இறங்குவது. இப்படிப் படிப்படியாக ஏறினால் உடம்பும் படிப்படியாகப் பழகிக்கொள்ளும்.

இன்னொன்று மணாலி வழி. 2020 அக்டோபரில் திறந்த அடல் சுரங்கப்பாதை இருக்கிறதே, ஒன்பது கிலோமீட்டர் நீளம், அதற்குள் நுழைந்தால் 13,050 அடி ரோதாங் கணவாயில் ஏறாமலே பத்து நிமிஷ நேரத்தில் மலைக்கு அந்தப் பக்கம் போய்விடலாம். பிறகு சந்திரா நதியின் ஓரமாகவே கல்லும் தண்ணீருமான பாதையில் ஏறி, அன்றைக்கு மாலையே சந்திரதால் ஏரி. மணாலி 6,700 அடி. சந்திரதால் சுமார் 14,000 அடி. ஒரே பகலில் ஏழாயிரம் அடிக்கு மேல்!

எங்கள் கோஷ்டித் தலைவர் முதலில் போட்ட திட்டம் சிம்லா வழிதான். ஆனால் நாக்பூர் தாண்டி ஒரு வண்டிக்குக் கிளச் தகராறு செய்தது. சாமான் வந்து சேர இரண்டு நாள் போயிற்று. எல்லோரும் எண்ணி லீவு எடுத்துக்கொண்டு வந்தவர்கள். "மணாலி வழியாக உள்ளே போய், சிம்லா வழியாக வெளியே வந்துவிடலாம். இரண்டு நாள் மிச்சம்" என்றார் தலைவர். யாரும் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை. இந்தக் கதையில் நடந்த தப்பு எதுவென்று கேட்டால் அதுதான். மலையில் நடந்தது ஒன்றுமில்லை. அந்த ஓட்டல் சாப்பாட்டு மேஜையில் நடந்ததுதான் தப்பு.

மணாலியிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டோம். சுரங்கத்தைத் தாண்டிக் கோக்ஸர், கிராம்பூ என்று போனதும் தார் ரோடு விடைபெற்றுக்கொண்டது. அதற்கு மேல் இருந்ததை ரோடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆற்றுப் படுகையை நிமிர்த்தி மலைச் சரிவில் சாத்தி வைத்தாற்போல் இருந்தது. உருண்டைக் கற்கள், குழிகள், மேலேயிருந்து பனி உருகி வந்து பாதையின் குறுக்கே பாயும் ஓடைகள். பாலம் கிடையாது. வண்டி தண்ணீரில் இறங்கித்தான் அக்கரை சேர வேண்டும்.

ஓடையைக் கடப்பதற்கும் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். முதலில் ஒருவர் இறங்கி ஆழம் பார்ப்பார். தண்ணீர் எங்கே அலைந்து நுரைக்கிறதோ அங்கே ஆழம் குறைவு, அடியில் கல் இருக்கிறது. எங்கே அமைதியாக இருக்கிறதோ அங்கேதான் பள்ளம். மனிதர்களிலும் அப்படித்தானே! பிறகு ஒவ்வொரு வண்டியாக, முதல் கியரில், நாலு சக்கரமும் இழுக்கிற மாதிரி வைத்துக்கொண்டு, நடுவில் நிறுத்தாமல், கியர் மாற்றாமல் ஒரே சீராகப் போக வேண்டும். ஒன்று கரையேறிய பிறகே அடுத்தது இறங்கும். காலையில் கணுக்கால் அளவு ஓடுகிற தண்ணீர், வெயிலேறிப் பனி உருகியதும் பிற்பகலில் முழங்காலுக்கு வந்துவிடும். அதனால் ஓடைகளை முற்பகலிலேயே தாண்டிவிட வேண்டும் என்பது அங்கே எல்லோரும் அறிந்த சட்டம்.

என் வீட்டுக்காரர் அன்றைக்கு ராஜா மாதிரி ஓட்டினார். ஒவ்வொரு ஓடையைத் தாண்டியதும் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. பக்கத்து வண்டி இளைஞர்கள் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல்தான் பிறகு அவர் வாயைக் கட்டிப் போட்டது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

பதால் என்ற இடத்தில் பகல் சாப்பாடு. 13,000 அடி. நான்கைந்து கல் குடிசைக் கடைகள், அவ்வளவுதான். சோறும் ராஜ்மாவும் கிடைத்தன. இவர் இரண்டு கவளத்தோடு தட்டை ஒதுக்கினார். "பசியில்லை" என்றார். எங்கள் வீட்டில் அந்த வார்த்தை கேட்டு முப்பது வருஷமாகிறது. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் ஏரியைப் பார்த்தோம். பிறைச் சந்திரன் போன்ற வடிவம். கரையில் நிற்கும்போதே மூன்று விதமாக மாறும் நீல நிறம். ஏரிக்கரையில் கூடாரம் போட அனுமதியில்லை. சற்றுத் தள்ளித்தான் தங்க வேண்டும். சூரியன் மறைந்ததும் குளிர் எலும்பைத் தொட்டது. கூட வந்த பெண்கள் சேர்ந்து பருப்பு வேக வைத்தோம். கடல் மட்டத்தில் நூறு டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், அந்த உயரத்தில் எண்பத்தாறு டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கும், ஆனால் சூடு போதாது. பருப்பு நாள் பூராவும் வேகாது. குக்கர் கொண்டுபோனதால் பிழைத்தோம். காற்று அவ்வளவு மெலிவு. சமவெளியில் ஒரு மூச்சில் ஐந்து பங்கு பிராணவாயு கிடைக்கிறதென்றால் அங்கே மூன்று பங்குதான். பருப்புக்கே இந்தப் பாடு என்றால் மனிதன் மூளைக்கு எப்படியிருக்கும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

இவர் சாப்பிட வரவில்லை. முகம் வெளிறியிருந்தது. "தலைவலியா?" என்றேன். "உனக்கு எப்பவும் சந்தேகம். பேசாமல் படு" என்றார். படுத்தேன். இரவு பதினொரு மணிக்கு வாந்தி எடுத்தார். மறுபடியும் கேட்டேன். "யார்கிட்டேயும் சொல்லாதே. என்னாலே ஏழு வண்டியும் நிற்கோணுமா?" என்றார்.

ஒரு மணி இருக்கும். வெளியே போக எழுந்தார். பூட்ஸ் கயிற்றைக் கட்டக் குனிந்தவர் கட்ட முடியாமல் திணறினார். ஆயிரம் லாரிக் கயிறு கட்டின கை அது! எழுந்து நாலடி வைத்தார். கள்ளுக்கடையிலிருந்து வருகிறவர் போல் பக்கவாட்டில் தள்ளாடினார். என் வாழ்நாளில் அவர் மதுவைத் தொட்டதில்லை.

எனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. கிளம்புவதற்கு முன் ஒத்திகையின்போது ஒரு டாக்டர் எங்களுக்குச் சொல்லியிருந்தது நினைவுக்கு வந்தது. எட்டாயிரம் அடிக்கு மேல் யாருக்கும் மலை நோய் வரலாம். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வந்தால் மேலே ஏறாதீர்கள். ஆனால் நடை தள்ளாடினாலோ, பேச்சுக் குழறினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ அது ஆபத்து. மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோக்கிறது என்று அர்த்தம். அப்போது விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. உடனே கீழே இறங்க வேண்டும். அதைவிடப் பெரிய மருந்து கிடையாது.

"ஏனுங்க, இந்தக் கோட்டு மேலே குதிகாலும் கட்டை விரலும் ஒட்டறாப்பிலே நடங்க பார்க்கலாம்" என்றேன். டார்ச் விளக்கால் தரையில் கோடு காட்டினேன். மூன்றாவது அடியில் விழப் போனார். பிடித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் அவர் பேச்சைக் கேட்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவை என்று நினைக்கிறேன். தலைவருடைய கூடாரத்துக்குப் போய் எழுப்பினேன். விரலில் மாட்டிப் பிராணவாயு பார்க்கும் கருவி வைத்திருந்தார். மற்றவர்களுக்கு எண்பதைத் தாண்டிக் காட்டியது, இவருக்கு 68. தலைவர் கையைப் பிசைந்தார். "அம்மா, இந்த இருட்டிலே அந்தப் பாதையிலே எப்படிங்க? நாலு மணி நேரம் பொறுத்தால் விடிஞ்சிடும்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பாதாளம். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது.

அப்போது பின்னால் ஒரு குரல் கேட்டது. "நான் இறக்கிக்கிட்டுப் போறேன். ராத்திரியிலே பனி உருகாது. ஓடையிலே தண்ணி குறைச்சலாத்தான் இருக்கும்." அந்த ஈரோட்டுப் பெண்! பேச்சுச் சத்தம் கேட்டு எழுந்து வந்திருக்கிறாள். ஸ்வெட்டருக்கு மேல் கோட்டை மாட்டிக்கொண்டே பேசினாள்.

ஒரு வண்டி தனியாகப் போகக்கூடாது என்பது கோஷ்டி தர்மம். அவள் எங்கள் ஜீப்பை எடுத்துக்கொண்டாள். அவளுடைய வண்டியை அவள் தம்பி பின்னால் ஓட்டி வந்தான். தலைவர் தம் வண்டியில் இருந்த பிராணவாயுக் குடுவையைக் கொடுத்தார். இவர் பின் ஸீட்டில் என் மடியில் தலையை வைத்துப் படுத்திருந்தார். ஏதோ ரிக் வண்டிக் கணக்குப் பேசினார். பத்து வருஷத்துக்கு முந்தைய கணக்கு. அதைக் கேட்கக் கேட்க எனக்கு வயிறு கலங்கியது.

அந்தப் பெண் ஒரு வார்த்தை வீணாகப் பேசவில்லை. நடந்து போகிற வேகம்தான் ஓட்டினாள். ஓடை வரும்போதெல்லாம் வண்டியை நிறுத்திவிட்டு அவள் தம்பி இறங்கி விளக்கோடு தண்ணீரில் கால் வைத்துப் பார்ப்பான். "வரலாம் அக்கா" என்பான். அவள் சொன்னபடியே தண்ணீர் குறைவாகத்தான் இருந்தது. பதாலைத் தாண்டியபோது ஆயிரம் அடி இறங்கியிருந்தோம். இவருடைய முனகல் நின்றது. தூக்கமா, மயக்கமா என்று தெரியாமல் கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தேன். சத்ரூ வந்தபோது கிழக்கு வெளுத்தது. அது சுமார் 11,000 அடி. திடீரென்று எழுந்து உட்கார்ந்தார். வெளியே பார்த்தார். முன்னால் ஓட்டுகிற பெண்ணைப் பார்த்தார்.

"ரெண்டாவது கியரிலே இறங்கறே. முதல் கியருக்கு மாத்து கண்ணு, இறக்கம் ஜாஸ்தி" என்றார்.

நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

கேலாங்கில் டாக்டர் பார்த்தார். இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார். விடியும் வரை மேலேயே வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் என் கையைத் தட்டிக்கொடுத்தார். அதுவே எனக்குப் பதிலாகிவிட்டது.

மற்ற ஐந்து வண்டிகளும் அங்கேயே ஒரு நாள் தங்கி, எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு, குன்சம் கணவாயைத் தாண்டி ஸ்பிதிக்குப் போயின. கணவாயின் உச்சியில் ஒரு தேவி கோவில் இருக்கிறது. வண்டிக்காரர்கள் எல்லோரும் அதை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் இறங்குவார்களாம். நாங்கள் அதைப் பார்க்கவில்லை. ஈரோட்டுப் பெண்ணும் அவள் தம்பியும் பார்க்கவில்லை. ஒரு வருஷமாகப் பணமும் லீவும் சேர்த்து வைத்துக்கொண்டு வந்தவர்கள்! அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்களாலே உன் பிரயாணம் கெட்டுப் போச்சே கண்ணு" என்றேன். "மலை அங்கேயேதாங்க அம்மா இருக்கும்" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

இவர் இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. வெட்கம். மூன்றாம் நாள், "நான் நல்ல டிரைவர்தான், இல்லையா?" என்று என்னிடம் கேட்டார். "சந்தேகமென்ன?" என்றேன். "அதனாலே வந்த வினை" என்றார்.

அவர் சொன்னது எவ்வளவு சரி! நம் தமிழ்நாட்டில் நாம் மலை என்று சொல்வதெல்லாம் எவ்வளவு உயரம்? ஏற்காடு சுமார் 5,000 அடி. ஊட்டி 7,350. கொல்லிமலையில் எழுபது வளைவு ஏறினாலும் 4,000 அடி சுமாருக்குத்தான் வந்து சேருகிறோம். இந்த நோய் தொடங்குகிற உயரத்தில் நம்மில் பெரும்பாலோர் ஒரு ராத்திரிகூடத் தூங்கியதில்லை. நாற்பது வருஷம் ஓட்டின பழக்கம் கைக்கும் காலுக்கும் உண்டு, ரத்தத்துக்கு இல்லை. வாலிபமும் தேகப்பயிற்சியும்கூட இதில் காப்பாற்றாது. உடம்புக்கு அவகாசம் கொடுப்பது ஒன்றுதான் காப்பாற்றும்.

"அப்படீன்னா போக வேண்டாமுன்னு சொல்றீங்க!" என்று எதிர் வீட்டு அம்மாள் வெற்றிக் களிப்போடு எழுந்தார். "உட்காருங்க, இன்னும் முடியலை" என்றேன்.

பெண்ணுக்கு மோட்டாரும் மலையும் எதற்கு என்று கேட்கிறார்கள். இந்த உலகத்தில் மோட்டார் காரில் முதல் நெடுந்தூரப் பிரயாணம் செய்ததே ஒரு பெண்தான். ஜெர்மனியில் கார் கண்டுபிடித்த கார்ல் பென்ஸ் என்பவருடைய மனைவி பெர்த்தா. 1888 ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள், கணவருக்குச் சொல்லாமல், பதினைந்து வயதிலும் பதின்மூன்று வயதிலும் இருந்த இரண்டு மகன்களைக் கூட்டிக்கொண்டு, மான்ஹைமிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் தொலைவிலுள்ள தாய் வீட்டுக்கு அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். எண்ணெய்க் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். மேடு வந்தபோது வண்டி ஏறவில்லை. பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். இறக்கம் வந்தபோது பிரேக் கட்டை தேய்ந்து போயிற்று. வழியில் ஒரு சக்கிலித் தொழிலாளியிடம் சொல்லி அதன் மேல் தோல் வைத்து அடிக்கச் செய்தார். வீடு திரும்பியதும் கணவரிடம், மேடு ஏற இன்னொரு கியர் வேண்டும் என்று சொன்னார். ஏற்றத்துக்குக் கியர், இறக்கத்துக்குப் பிரேக் என்று இரண்டையும் யோசித்தவர் அவர்.

எங்கள் திருச்செங்கோட்டு மலை மேல் சாமி பாதி ஆணாகவும் பாதி பெண்ணாகவும் நிற்கிறார். அந்தத் தத்துவமெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனால் மலைப் பாதையில் போகிற வண்டிக்கு அப்படித்தான் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ரோட்டைப் பார்க்க வேண்டும். மற்றவர் ஓட்டுகிறவர் முகத்தைப் பார்க்க வேண்டும். யார் எந்த வேலை செய்தாலும் சரி. மாற்றி மாற்றிச் செய்தால் இன்னும் நல்லது.

பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். "போயிட்டு வா கண்ணு. ஆனா நாலு விஷயம் கேட்டுக்கோ" என்றேன். "எந்த வழியா போறாங்கன்னு முதல்லே கேளு. சிம்லா வழின்னா சரி. நாள் குறைச்சலுன்னு சொல்லி மணாலி வழியா நேரே மேலே ஏறலாமுன்னா, பாதிப் பிரயாணத்தை விட்டுடலாமுன்னு நீ சொல்லோணும். பத்தாயிரம் அடிக்கு மேலே, நேத்து ராத்திரி தூங்கின இடத்தைவிட ஆயிரத்தறுநூறு அடிக்கு மேலே ஏறித் தூங்கக்கூடாது. பகல்லே எவ்வளவு உசரம் போனாலும் ராத்திரி தூங்கறது தணிஞ்ச இடத்துலேதான். மூணு நாலு நாளைக்கு ஒருதரம் ஒரே ஊர்லே ரெண்டு ராத்திரி தங்கோணும். மாத்திரை இருக்குது; ஆனா உன் டாக்டரைக் கேட்டுக்கிட்டு எடுத்துக்கோ, சிலருக்கு அது ஒத்துக்காது. தூக்க மாத்திரையும் சாராயமும் அந்த உசரத்துலே விஷம், யாரு நீட்டினாலும் வேண்டாமுன்னுடு."

அவள் தலையாட்டிக்கொண்டே கேட்டாள்.

"கடைசியா ஒண்ணு. கிளம்பறதுக்கு முன்னாலேயே உன் வீட்டுக்காரர்கிட்ட ஒரு சத்தியம் வாங்கிக்கோ. தலைவலின்னா தலைவலின்னு சொல்லிடறதுன்னு. நீயும் அதே சத்தியம் பண்ணு. ரெண்டு பேர்லே ஒருத்தர் இறங்கலாமுன்னா மத்தவங்க ஏனுன்னு கேட்கப்படாது. வண்டியைத் திருப்பிப்போட்டு அப்புறமா சண்டை போட்டுக்கலாம்."

பிறகு உள்ளே போய் ஒரு தபால் கார்டை எடுத்து வந்து காட்டினேன். ஸ்பிதியில் ஹிக்கிம் என்றொரு கிராமம். 14,000 அடிக்கு மேல் அங்கே ஒரு தபாலாபீஸ் 1983 முதல் நடக்கிறது. போகிறவர்கள் எல்லோரும் அங்கிருந்து வீட்டுக்குக் கார்டு போடுவது வழக்கம். எங்களை இறக்கிக்கொண்டு வந்த ஈரோட்டுப் பெண் 2023 செப்டம்பரில் மறுபடியும் போனாள். அங்கிருந்து எனக்கு எழுதியிருந்தாள். "அம்மா, சிம்லா வழியாக வந்தோம். ஏழு நாள் ஆயிற்று. ஒருவருக்கும் தலைகூட வலிக்கவில்லை. நாளைக்குக் குன்சம். கோவிலை உங்கள் இருவருக்காகவும் ஒரு சுற்று அதிகமாகச் சுற்றுகிறேன்." அவ்வளவுதான்.

எதிர் வீட்டு அம்மாள் கார்டை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். முத்திரையைக் கண்ணருகே வைத்துப் படித்தார். வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் மகளைப் பார்த்து, "ஏங்கண்ணு, எட்டு வண்டியிலே மொத்தம் எத்தனை பேரு?" என்று கேட்டார்.

"பத்தொம்பது பேருங்கம்மா."

அம்மாள் என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க அக்கா, அங்கே பருப்பே வேகாதுங்கறீங்க. பத்தொம்பது பேருக்கு, பத்துப் பதினைஞ்சு நாளைக்குன்னா, எத்தனை படி முறுக்குச் சுத்தோணும்?"